சோற்று வழியும் மூச்சு வழியும்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரெனப் புரையேறினால், "யாரோ உங்களை நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டுவது நம்மவர் வழக்கம். நினைத்தவர் யாராயினும் ஆகட்டும். கண்ணில் நீர் வருமளவுக்கு அந்த இருமல் ஏன் வந்தது, அந்தக் கணத்தில் தேகத்துக்குள் நடந்தது என்ன என்று விளங்கிக்கொண்டால், ஜீரண உறுப்புகள் என்றும் சுவாச உறுப்புகள் என்றும் பள்ளிப் புத்தகங்கள் தனித்தனிப் பாடமாக வைத்திருக்கும் இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம். அந்த இடம் நமது தொண்டை.

மூக்கின் துவாரங்கள் வாய்க்கு மேலே, அதன் பின்புறமாக உள்ளே திறக்கின்றன. ஆனால் கழுத்துக்குள் வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. காற்று செல்லும் மூச்சுக்குழல் முன்னாலும், சோறு செல்லும் உணவுக்குழல் அதற்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டியும் அமைந்திருக்கின்றன. ஆகவே பின்னாலிருந்து வரும் காற்று முன்னுக்கு வர வேண்டும். முன்னாலிருந்து வரும் உணவு பின்னுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்தே தீர வேண்டும். நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளமும், ஒவ்வொரு மிடறு தண்ணீரும் மூச்சுக்குழலின் வாசலைத் தாண்டித்தான் கீழே போகிறது என்ற விசித்திரத்தை 1859-ல் வெளியான தமது நூலில் சார்லஸ் டார்வினும் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

நாற்சந்தியில் இரண்டு பாதை வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் மோதல்தான். தொண்டையிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை இந்தக் கடப்பு நிகழ்கிறது. என்றைக்கோ ஒருநாள்தான் புரையேறுகிறது. இந்த ஒழுங்கு எப்படி ஏற்படுகிறது?

விழுங்கும் அந்த ஒரு விநாடி

வாசகர்கள் ஒரு விரலைக் கழுத்தின் முன்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு போன்ற மேட்டின் மீது வைத்துக்கொண்டு, உமிழ்நீரை ஒருமுறை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி இறங்குவது தெரியும். அதுதான் குரல்வளை, மூச்சுக்குழலின் தலைவாசல். (உண்மையில் அது எலும்பன்று, குருத்தெலும்பு.)

பல்லால் அரைபட்டு, உமிழ்நீரில் குழைந்து உருண்டையான உணவை நாக்கு பின்னுக்குத் தள்ளுகிறது. இதுவரை காரியம் நம் இஷ்டத்தில் இருக்கிறது, வேண்டாமென்றால் துப்பிவிடலாம். உருண்டை தொண்டையைத் தொட்டுவிட்டால் நம் அதிகாரம் போய்விடும். மூளையின் அடிப்பாகத்தில் உள்ள முகுளம் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. உள்நாக்கு தொங்கும் மெல்லண்ணம் மேலே தூக்கப்பட்டு மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னும் இழுக்கப்பட்டு நாக்கின் அடியில் ஒதுங்கிக்கொள்கிறது. குரல்வளை மூடி என்னும் இலை போன்ற குருத்தெலும்பு பின்னால் சாய்ந்து வாசலின் மேல் கவிகிறது. அதற்கும் கீழே குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கி இரண்டாவது கதவைச் சாத்துகின்றன. மூச்சு நின்றுவிடுகிறது. அதே வேளையில், சாதாரணமாக இறுகிக் கிடக்கும் உணவுக்குழலின் மேல்வாய் தளர்ந்து திறக்கிறது. உருண்டை உள்ளே போனதும் கதவுகள் திறக்கின்றன. பெரும்பாலும் நாம் உடனே மூச்சை வெளியே விடுகிறோம். வாசலில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காற்றே அதை ஊதித் தள்ளிவிடும்.

இவ்வளவும் ஏறக்குறைய ஒரே விநாடியில் முடிந்துவிடுகின்றன. மூச்சை நடத்தும் நரம்பு மையமும் விழுங்குதலை நடத்தும் நரம்பு மையமும் முகுளத்தில் அருகருகே இருப்பதால்தான் ஒன்றுக்கு மற்றொன்று வழிவிட முடிகிறது.

பேசுவதற்கும் சிரிப்பதற்கும் குரல் நாண்களின் வழியே காற்று போக வேண்டும். வாயில் கவளத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவர், மூடியிருக்க வேண்டிய கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சோற்றை அனுப்புகிறார். "சாப்பிடும்போது பேசாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டியதில் மரியாதை மட்டுமல்ல, உடற்கூறும் இருக்கிறது.

கீழே போகும் இரு பாதைகள்

உணவுக்குழல் சுமார் 25 சென்டிமீட்டர், அதாவது 10 அங்குல நீளமுள்ள தசைக்குழாய். உணவு அதில் தானாக விழுவதில்லை. குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக அலையலையாகச் சுருங்கி அதைத் தள்ளிச் செல்கின்றன. அதனால்தான் தலைகீழாக நின்றுகொண்டும் ஒருவரால் விழுங்க முடிகிறது. அதற்கு முன்னால் இருக்கும் மூச்சுக்குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர். அது எப்போதும் திறந்தே இருக்கவேண்டுமாகையால், 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் அதைத் தாங்குகின்றன. இவை முழு வளையங்கள் அல்ல. உணவுக்குழலை நோக்கிய பின்பக்கத்தில் இடைவெளி உள்ளவை. பெரிய கவளம் இறங்கும்போது உணவுக்குழல் சற்றே உப்புவதற்கு இந்த மெத்தென்ற பின்சுவர் இடங்கொடுக்கிறது.

இரைப்பையில் உணவுக்குக் காத்திருப்பது கடுமையான அமிலம். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பை நீர் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாமிசத்தின் புரதத்தைத் தளர்த்துகிறது. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றும் விடுகிறது. இரைப்பை தன்னையே அரித்துக்கொள்ளாதபடி அதன் உட்சுவரில் கெட்டியான சளிப்பூச்சு ஒன்று, அமிலத்தை முறிக்கும் காரத்தோடு, எந்நேரமும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அங்கிருந்து கூழாகிச் சிறுகுடலுக்குச் சென்றதும் கல்லீரலின் பித்தநீரும் கணையத்தின் நீரும் சேர்ந்து ஜீரணத்தை முடிக்கின்றன. சுமார் 20 அடி நீளமுள்ள சிறுகுடலின் விரல் போன்ற நுண்முனைகள் சத்தை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்புகின்றன. எஞ்சியதிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்வது சுமார் 5 அடி நீளமுள்ள பெருங்குடலின் வேலை.

மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை அகலமானது, ஏறக்குறைய நேராக இறங்குவது. இடக்கிளை, இருதயத்துக்கு இடம்விட்டுச் சாய்ந்து செல்வது. இந்தச் சிறு வித்தியாசத்தைப் பிறகு கவனிப்போம். கிளைகள் மேலும் மேலும் பிரிந்து, கடைசியில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. நுண்ணறைக்கும் அதைச் சூழ்ந்த இரத்தக் குழாய்க்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லியது. பிராணவாயு அதன் வழியே இரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு வெளியே வருகிறது. இருதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குள் போய்க் காற்றோடு கலந்த பின்னரே இடப்பக்கத்துக்கு வருகிறது என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், கெய்ரோவில் வாழ்ந்த வைத்தியர் இப்னு நஃபீஸ். அவருடைய ஏட்டுப் பிரதி பெர்லின் நூலகத்திலிருந்து 1924-ல் அடையாளம் காணப்படும் வரை மேல்நாட்டார் பலருக்கு இது தெரியாது.

இரு உறுப்புத் தொகுதிகளின் உட்பரப்பையும் விரித்துப் பார்த்தால் எது பெரிது என்று கேட்டால், பலர் குடலைத்தான் சொல்வார்கள். குடலின் பரப்பு ஒரு டென்னிஸ் திடல் அளவு என்று புத்தகங்களும் வெகுகாலம் எழுதிவந்தன. 2014-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் அளந்து பார்த்து, அது சுமார் 30 சதுர மீட்டர்தான், பாதிப் பூப்பந்துத் திடல் அளவுக்குக்கூடச் சற்றுக் குறைவு என்றார்கள். நுரையீரலின் பரப்போ சுமார் 70 சதுர மீட்டர். கிட்டத்தட்ட முழுத் திடல். இவ்வளவு பெரிய பரப்பு, இவ்வளவு மெல்லிய சுவர், மூச்சுக்கு அரை லிட்டர் வீதம் நாளொன்றுக்குச் சுமார் 20,000 தடவை வெளிக்காற்று வந்து போகும் இடம்! அமிலமோ கெட்டிச் சளிப்பூச்சோ அந்த நுண்ணறைகளில் கிடையாது. இருக்கவும் முடியாது, இருந்தால் வாயு கடந்து செல்லாது.

இரண்டு வழிகளுக்கும் உள்ள பெரும் வித்தியாசம் இதுவே. இரைப்பை எதையும் ஏற்றுக்கொண்டு கொன்று கரைத்துவிடும் இடம். நுரையீரல் எதையும் உள்ளே விடாமலிருந்தால்தான் பிழைக்கும் இடம். புரையேறினால் தேகமே குலுங்கும்படி இருமல் வருவதன் காரணம் இப்போது விளங்கும். ஒரு பருக்கைச் சோறு இரைப்பைக்கு ஒன்றுமேயில்லை. நுரையீரலுக்கு அது அத்துமீறி நுழைந்த எதிரி.

மறுதிசையிலும் இந்தச் சந்தி பயன்படுகிறது. மூச்சுக்குழல்களின் உட்சுவரில் நுண்ரோமங்கள் ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அது குரல்வளையைத் தாண்டி மேலே வந்ததும் நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். நுரையீரலின் குப்பையை இரைப்பையின் அமிலத்தில் போட்டு எரிக்கும் ஏற்பாடு இது! காசநோய் என்று சந்தேகிக்கப்படும் சிறு குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. ஆகையால் டாக்டர்கள் காலையில் வெறும் வயிற்றிலிருந்து நீரை எடுத்து, அதில் காசநோய்க் கிருமியைத் தேடுவதுண்டு. (புகைபிடிப்பவருக்கு இந்த நுண்ரோமங்கள் செயலிழந்துவிடுகின்றன. காலை நேரத்தில் அவர் இருமும் இருமல், ரோமங்கள் செய்யாத வேலையை நெஞ்சு செய்யப் பாடுபடும் ஓசை.)

அமிலம் வழிதவறினால் என்ன ஆகும்? நியூயார்க் நகரத்துப் பிரசவ வைத்தியர் கர்ட்டிஸ் மெண்டல்சன், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட தாய்மாரில் இரைப்பையிலுள்ளது நுரையீரலுக்குள் போன 66 சம்பவங்களை 1946-ல் வெளியிட்டார். மயக்கத்தில் தொண்டையின் காவல் தூங்கிவிடுகிறது. முயல்களில் செய்த சோதனையால், நுரையீரலை எரிப்பது அந்த அமிலமே என்றும் அவர் காட்டினார். அறுவைச் சிகிச்சைக்கு முன் 6 மணி நேரம் திட உணவு கூடாது, கடைசி 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதனால்தான். நோயாளி பசியோடு கிடக்கிறாரே என்று மனம் பொறாமல், தாதி அந்தப் பக்கம் போனதும் ஒரு குவளை மைலோவும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடும் உறவினர், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே செய்கிறார்.

காவல் தளரும் வயது

கைக்குழந்தைக்குக் குரல்வளை கழுத்தில் வெகு உயரத்தில் இருக்கிறது. பால் குடித்துக்கொண்டே மூக்கால் மூச்சுவிட இது துணையாகிறது. வளர வளரக் குரல்வளை கீழே இறங்குகிறது. அதனால் தொண்டையில் கிடைக்கும் இடம் நமது பேச்சொலிகளுக்கு உதவுகிறது. ஆனால் பொதுப்பாதையும் நீண்டுவிடுகிறது. 4, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரைக்கும் பற்கள் நிறைந்திருக்கா, மூச்சுக்குழலும் குறுகியது. ஓடிக்கொண்டும் அழுதுகொண்டும் தின்பார்கள். கச்சாங் பூத்தே, முழுத் திராட்சை, ரம்புத்தான், மீன் உருண்டை ஆகியவை இந்த வயதில் ஆபத்தானவை. வழுவழுப்பும் உருண்டை வடிவமும் உள்ள எதுவும் குழாய் வாயைத் தக்கையைப் போல அடைத்துவிடும். ரம்புத்தானைக் கொட்டை நீக்கிச் சிறு துண்டுகளாகவும், மீன் உருண்டையையும் திராட்சையையும் நீளவாக்கில் நான்காக வெட்டியும் கொடுப்பது பெரிய சிரமமல்ல.

வீட்டிலுள்ள முதியோர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குதலும் கெட்டுவிடுகிறது. கையும் காலும் அசையாததை எல்லாரும் பார்க்கிறோம். தொண்டைக்குள் குரல்வளை தாமதமாக ஏறுவதை யார் பார்ப்பது? இருமல் வந்தால் நமக்குத் தெரிந்துவிடும். இவர்களில் சிலருக்கு அந்த உணர்ச்சியே மரத்துப்போய், நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலும் இருமல் வருவதில்லை. நாலு நாள் கழித்துக் காய்ச்சல் வரும். "குளிர் பிடித்துவிட்டது" என்று மின்விசிறியைக் குறை கூறுவார்கள். உண்மையில் அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடச் சுலபமாக இறங்கும் என்று நாம் நினைக்கிறோம். விழுங்குதல் தளர்ந்தவருக்கு நேர்மாறானது உண்மை. தண்ணீர் வேகமாக ஓடுவதால், கதவு மூடுமுன்னே வாசலுக்கு வந்துவிடும். கெட்டியான கஞ்சி மெல்ல நகர்வதால் கதவுக்கு நேரம் கிடைக்கிறது. இதனால்தான் ஆஸ்பத்திரியில் சிலருக்குத் தண்ணீரிலும் தேநீரிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித் தருகிறார்கள். யாருக்கு எவ்வளவு கெட்டி என்பதைப் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் பரிசோதித்துச் சொல்வார். நாமாக முடிவுசெய்யக் கூடாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் உண்டு. குடித்த பிறகு குரல் ஈரமாக, களகளவென்று கேட்பது. ஒரு கவளத்துக்கு மூன்று நான்கு தடவை விழுங்குவது. கன்னத்தில் சோறு தங்கிவிடுவது. காரணமின்றி அடிக்கடி காய்ச்சல் வருவது. இவற்றில் ஏதேனும் தென்பட்டால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். படுத்திருப்பவரின் வாயில் கரண்டியால் ஊற்றுவது கூடவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, முன்னது விழுங்கப்பட்டதைப் பார்த்து அடுத்ததைக் கொடுத்து, முடிந்த பின்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே வைத்திருக்க வேண்டும். பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைப்பதும் நுரையீரலுக்கான வைத்தியமே. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாய்ச் சுத்தம் கவனிக்கப்பட்டவர்களுக்கு நுரையீரல் அழற்சி குறைந்தது கண்டறியப்பட்டது. அந்திம வேளையில் இருப்பவருக்கும் வாயில் நீரை ஊற்றுவதைவிட, நனைத்த பஞ்சால் உதட்டையும் நாவையும் ஈரப்படுத்துவது அவருக்கு இதமானது.

அடைத்துவிட்டால்

புரையேறியவர் சத்தமாக இருமினால் அவரை இரும விடுங்கள். தலையில் தட்டுவதால் பயனில்லை. தண்ணீர் கொடுப்பதும் தவறு. அவருடைய இருமலைவிட வலிமையான மருந்து நம்மிடம் இல்லை. பேச முடியாமல், இருமலில் ஓசையில்லாமல், கையால் தொண்டையைப் பற்றிக்கொண்டு, உதடும் நகமும் நீலம் பாரித்தால்தான் வழி முழுவதும் அடைந்துவிட்டதென்று பொருள். "புரையேறிவிட்டதா?" என்று கேளுங்கள், பதில் குரல் வந்தால் காற்று போகிறது. வராவிட்டால் நமக்கு இருப்பது சில நிமிஷங்களே.

இங்கேதான் உடற்கூறு உயிர் காக்கிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் இரண்டு லிட்டருக்குமேல் காற்று தங்கியிருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள உதரவிதானத்தைக் கீழிருந்து சட்டென்று மேலே தள்ளினால், அந்தக் காற்று அடைப்பைப் பின்னாலிருந்து மோதி வெளியேற்றும். அமெரிக்க நெஞ்சு வைத்தியர் ஹென்றி ஹைம்லிக் இந்த முறையை 1974-ல் வெளியிட்டார். முதுகில் அடிப்பது கூடாதென்று அவர் வாதாடினார். ஆனால் இன்று முதுகில் தட்டுவதையும் வயிற்றை அழுத்துவதையும் மாற்றி மாற்றிச் செய்யவே பல நாடுகளில் கற்பிக்கிறார்கள். அமெரிக்க இருதயச் சங்கமும் 2025-ல் அவ்விதமே விதித்தது. சில வகுப்புகளில் வயிற்று அழுத்தம் மட்டும் கற்பித்திருக்கலாம். அப்படிக் கற்றவர் தயங்காமல் அதையே செய்யட்டும்.

முதலில் ஒருவரை அவசர உதவிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அடைபட்டவரை முன்னால் குனியவைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டு, மறு கையின் அடிப்பாகத்தால் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே 5 தடவை ஓங்கித் தட்டுங்கள். வராவிட்டால், பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கொண்டுவந்து, தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக 5 தடவை வெடுக்கென்று இழுங்கள். அடைப்பு வெளிவரும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் மிகப் பருத்தவர்களுக்கும் வயிற்றில் வேண்டாம். நெஞ்செலும்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை ஒருபோதும் அழுத்தக் கூடாது. கல்லீரல் கிழிந்துவிடக் கூடும். தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்தம். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

வயிற்றை அழுத்திப் பிழைத்தவர், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும், உள்ளே காயம் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. குழந்தை வேர்க்கடலை தின்னும்போது புரையேறி இருமியது, பிறகு சரியாகிவிட்டது. ஆனால் வாரக்கணக்கில் இருமலும், நெஞ்சின் ஒரு பக்கத்தில் மட்டும் விசில் போன்ற சத்தமும் நீடிக்கின்றன. ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தும் தீரவில்லை. அப்படியானால் அந்தப் புரையேறிய நாளை டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். கடலை மூச்சுக்கிளைக்குள் தங்கியிருக்கக் கூடும். பெரியவர்களிடத்தில் அது பெரும்பாலும் அகலமும் நேருமான அந்த வலக்கிளையில்தான் தங்கும், சிறு குழந்தைகளிடத்தில் எந்தப் பக்கமும் இருக்கலாம். 1897-ல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்ற வைத்தியர், ஒரு விவசாயியின் வலக்கிளையில் சிக்கிய எலும்புத் துண்டை, கழுத்தை அறுக்காமல், வாய் வழியாகவே நேரான குழாயைச் செலுத்திப் பார்த்து வெளியே எடுத்தார். இன்று அதே வேலையை மெல்லிய கருவிகளைக் கொண்டு, குழந்தையைத் தூங்கவைத்து, வாய் வழியாகவே செய்துமுடிக்கிறார்கள்.